கூகுளில் தேடினால் கான்ட்ராக்டர்... குமரியில் தேடினால் மார்ஷல்! பள்ளியாடியிலிருந்து புதுக்கடை வரை ஒரு பயணம்

உங்கள் போனில் 'நேசமணி' என்று டைப் பண்ணிப் பாருங்கள். முதலில் வருவது யாராக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தலையில் சுத்தியல் விழுந்த கான்ட்ராக்டர் நேசமணி. 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து வடிவேலு!

2019 மே கடைசியில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? யாரோ ஒருவர் ஃபேஸ்புக்கில் சுத்தியல் படத்தைப் போட்டு, 'இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்' என்று கேட்டார். நம்ம ஊர்க்காரர் ஒருவர் சுத்தியல் என்று சொன்னதோடு விடாமல், இது பட்டு நேசமணியின் தலை உடைந்த கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். 'நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள்' என்று உலகமே டிரெண்ட் செய்தது. அன்றைக்கு டெல்லியில் பிரதமர் பதவியேற்பு. அதையும் தாண்டி நேசமணி மேலே நின்றார். நான் அப்போது ஸ்கூல் முடித்துவிட்டு ரிசல்ட்டோடு வீட்டில் சும்மா இருந்த நேரம். நானும் இரண்டு மீம்ஸ் போட்டேன்.

அதைப் பார்த்துச் சிரிக்கவைக்கலாம் என்று போனை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போனேன். பாட்டி சிரிக்கவில்லை. "எந்த நேசமணி? நம்ம நேசமணியா? அவரு செத்து எத்தனையோ வருசம் ஆச்சே மக்களே" என்றார். அடுத்து அவர் கேட்டது: "ஜூன் ஒண்ணாம் தேதி வருதுல்லா, அதுக்கா பிரார்த்தனை?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, 1968 ஜூன் 1-ம் தேதி இறந்துபோன ஒருவரைப் பற்றிப் பாட்டி பேசிக்கொண்டிருந்தார் என்று. நாங்கள் மீம்ஸ் போட்ட மறுநாளுக்கு மறுநாள் அவருடைய நினைவு நாள்.

பாட்டிக்கு ஊர், குமரி மாவட்டத்தின் விளவங்கோடு பக்கம். இப்போது எங்களோடு சென்னையில் இருக்கிறார். அங்கே போய் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது அன்றைக்கே மனதில் விழுந்தது. வேலைக்குச் சேர்ந்து, லீவு கிடைத்து, கிளம்ப இத்தனை வருடம் ஆகிவிட்டது. இந்த ஆகஸ்ட்டில்தான் போனேன்.

பள்ளியாடியில் இறங்கினேன்

சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை எக்ஸ்பிரஸ். அங்கிருந்து திருவனந்தபுரம் போகும் பாசஞ்சர். எரணியல் தாண்டியதும் பள்ளியாடி. சின்ன ஸ்டேஷன். நான் இறங்கும்போது என்னோடு இறங்கியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ரயிலிலிருந்து பார்த்தால் இந்த மாவட்டம் எங்கே வயல், எங்கே ஊர் என்று பிரித்துச் சொல்லவே விடாது. நாகர்கோவிலைச் சுற்றி நெல் வயல் தெரியும். மேற்கே வரவர வயல் காணாமல் போய், தென்னை, ரப்பர், மரச்சீனி, வாழை என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். வீடுகளோ இவற்றுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். இங்கே ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். நாம் சென்னையில் மொத்தக் குமரி மாவட்டத்தையும் 'நாஞ்சில் நாடு' என்று சொல்லிவிடுகிறோம். இங்கே அப்படிச் சொன்னால் உடனே திருத்துவார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் இந்த இரண்டு தாலுகாவும்தான் அசல் நாஞ்சில் நாடு. கல்குளமும் விளவங்கோடும் வேறு. பேச்சு வேறு, சாப்பாடு வேறு, விவசாயமும் வேறு. நான்கையும் ஒரே பெயரில் கட்டிப்போட்டது 1956.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை. கட்டஞ்சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் சொல்லிவிட்டு, "அண்ணே, நேசமணி பிறந்த ஊர் இதுதானே?" என்று கேட்டேன். பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "மார்ஷலா?" என்றார்.

ஆமாம், இங்கே அவருக்குப் பெயர் மார்ஷல். ராணுவத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பட்டம் மக்கள் கொடுத்தது. இன்னொரு பட்டமும் உண்டு, குமரித் தந்தை.

1895 ஜூன் 12-ம் தேதி இந்தப் பள்ளியாடியில் பிறந்தார் நேசமணி. அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். ராஜா இருப்பது திருவனந்தபுரத்தில். அரசு அலுவலகங்களில் மலையாளம். மக்கள் வீட்டில் பேசுவது தமிழ். அந்த மக்களிலும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகள். பெண்கள் மேல்சீலை அணியும் உரிமைக்கே இங்கே பல வருடம் போராட வேண்டியிருந்தது, 1859-ல்தான் அரசர் அறிவிப்பு வந்தது. நேசமணி பிறக்கும்போது அந்தப் போராட்டத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருந்திருக்கும்.

சட்டம் படித்துவிட்டு நாகர்கோவில் கோர்ட்டில் பிராக்டீஸ் செய்ய வந்தார். அந்த முதல் நாளைப் பற்றி ஒரு கதை இந்த மாவட்டத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். கோர்ட்டில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு ஸ்டூல். குடிக்கிற தண்ணீர்ப் பானையும் தனித்தனி. உள்ளே வந்த இளம் வக்கீல் ஸ்டூலைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், பானையை உடைத்தார் என்று கதை. டீக்கடைக்காரரும் இதைச் சொன்னார். ஆனால் அவர் சொன்னபோது பானை மூன்றாகிவிட்டது! கதை சொல்லச் சொல்ல பானை கூடும்போல. அதனால் என்ன, அவர் பிறகு அதே வக்கீல் சங்கத்துக்குத் தலைவரானார். நாகர்கோவில் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். அதற்குச் சாட்சி வேண்டியதில்லை.

ராஜா போன பிறகு யாரோடு போவது?

1947-ஐ நாம் பள்ளியில் ஆகஸ்ட் 15 என்று மட்டும் படிக்கிறோம். திருவிதாங்கூரில் அது அவ்வளவு சுலபமாக இல்லை. திவான் சி.பி.ராமசாமி அய்யர், 'நாங்கள் இந்தியாவோடு சேர மாட்டோம், தனி நாடு' என்று அறிவித்திருந்தார். ஜூலை 25-ம் தேதி அவர் மேல் கொலைவெறித் தாக்குதல் நடந்தது. அதன் பிறகுதான் சமஸ்தானம் இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டது.

ராஜா போகிறார், சரி. இனி யாரோடு? மலையாள மொழி பேசும் பகுதிகளை எல்லாம் சேர்த்து ஐக்கிய கேரளம் என்ற குரல் அங்கே எழுந்தது. அப்படியென்றால் தெற்கே இருக்கிற தமிழர்கள்? ஏற்கெனவே 1945 கடைசியில் நாகர்கோவிலில் தமிழர்களுக்கென ஓர் அமைப்பு தொடங்கப்பட்டிருந்தது. அதுதான் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. சாம் நத்தானியல், பி.எஸ்.மணி போன்றவர்கள் ஆரம்பித்த இடத்தில் 1947-ல் நேசமணி வந்து சேர்ந்தார். அவர் வந்தபோது 52 வயது. இன்றைக்கு நமக்குப் பிடித்த அரசியல் கதைகளில் எல்லாம் ஹீரோ இருபத்தைந்தில் கிளம்புவார். இவர் கையில் நல்ல தொழில், ஊரில் மரியாதை எல்லாம் இருக்கும்போது, ரிட்டையர்மென்ட் பற்றி யோசிக்கும் வயதில் கிளம்பினார்.

1948 தேர்தல். பிரசார நேரத்திலேயே மங்காட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. ஆனாலும் அந்தத் தேர்தலில் கட்சி 14 இடங்களில் ஜெயித்தது. கேட்டது ஒன்பது தாலுகா. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். மேப்பை எடுத்துப் பாருங்கள், ஒரு தாலுகா தெற்கு முனையில், ஒன்று பாலக்காட்டுப் பக்கம். இத்தனையையும் ஒரே கோரிக்கையில் கட்டுவது லேசில்லை.

நேசமணியின் அரசியலில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. 1952 பொதுத்தேர்தலில் நேசமணி நாகர்கோவிலிலிருந்து லோக்சபாவுக்குப் போனார். மாநில சட்டசபையில் அவர் கட்சிக்கு எட்டு பேர். அந்த எட்டு பேரின் ஆதரவில்தான் ஏ.ஜே.ஜான் மந்திரிசபை நின்றது. ஆதரவை எடுத்தார்கள், 1953 செப்டம்பரில் மந்திரிசபை கவிழ்ந்தது. மறுபடி தேர்தல். 1954-ல் 12 பேர். இன்றைக்கு 'கிங் மேக்கர்' என்று டி.வி-யில் பேசுகிறார்களே, அதை எழுபது வருடத்துக்கு முன்பே ஒரு டஜன் எம்.எல்.ஏ-க்களை வைத்துக்கொண்டு செய்து காட்டினார்கள். மந்திரி பதவி கேட்டல்ல. தங்களை அந்த மாநிலத்திலிருந்து வெளியே விடச் சொல்லி! வெளியே போவதற்காக உள்ளே பலம் சேர்த்த கட்சி என்று வேறு ஒன்றை எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

கட்சிக்குள் எல்லாம் சுமுகமாக இருந்ததாக நினைக்க வேண்டாம். தாணுலிங்க நாடார் இன்னொரு பெரிய தலைவர். பிணக்கும் வந்தது, பிரிவும் வந்தது, பிறகு சேர்ந்தார்கள். மேற்குத் தாலுகாக்களில் இயக்கத்துக்கு முதுகெலும்பாக நின்றவர்கள் நாடார் மக்கள். நாஞ்சில் நாட்டு நிலவுடைமையாளர்களில் எல்லோரும் ஆரம்பத்தில் உற்சாகமாக வந்துவிடவில்லை. மொழிப் போராட்டம் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், அதற்குள் சாதியின் கணக்கும் இருந்தது. ஸ்டூலையும் நாற்காலியையும் மறந்துவிட்டு இந்தக் கதையைப் படிக்க முடியாது.

புதுக்கடைக்குப் போகும் பஸ்

பள்ளியாடியிலிருந்து மார்த்தாண்டம். நகரத்துக்கு மேலே நீளமாகப் போகும் மேம்பாலத்துக்குக் கீழே, தேன் கடைகள். மார்த்தாண்டம் தேன் பிரசித்தம். அந்தப் பக்கம் குழித்துறையில் தாமிரபரணி ஓடுகிறது. திருநெல்வேலி தாமிரபரணி வேறு, இது வேறு. இது மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும். ஊர் பேச்சும் அப்படித்தான், பாதி நேரம் மேற்கே ஓடுகிறது. பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிய தமிழில் நான் முக்கால்வாசி மட்டும் பிடித்தேன். பாட்டியிடம் வளர்ந்த எனக்கே இந்த நிலை.

தேங்காப்பட்டணம் போகிற பஸ்ஸில் ஏறி "புதுக்கடை ஒண்ணு" என்றேன். பஸ்ஸின் பக்கவாட்டில் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருந்தது. பாட்டியிடம் கேட்டால் இது நேசமணி பஸ். 1980-களில் இந்த மாவட்டத்துக்கென்று தனிப் போக்குவரத்துக் கழகம் வந்தபோது அவர் பெயரைத்தான் வைத்தார்கள். 1997-ல் தென் மாவட்டங்களில் பஸ்ஸின் பெயரை வைத்துக் கலவரம் வந்தது. எல்லாக் கழகங்களின் தலைவர் பெயரையும் மொத்தமாக எடுத்தார்கள். அதில் இவர் பெயரும் போயிற்று. நான் பிறப்பதற்கு முன்பு.

புதுக்கடையில் இறங்கினால் அது ஒரு சாதாரணச் சந்திப்பு. பழக்கடை, மொபைல் ரீசார்ஜ், பேக்கரி. அங்கேதான் தியாகிகள் நினைவுத்தூண். நான் போனபோது பழைய மாலை ஒன்று காய்ந்து கிடந்தது.

நடந்தது இதுதான். 1954 மார்ச்சில் பட்டம் தாணுபிள்ளை முதல்வரானார். அவர் கட்சி பிரஜா சோஷலிஸ்ட். கையில் இருந்தது 19 எம்.எல்.ஏ, காங்கிரஸ் வெளியே இருந்து ஆதரவு. ஜூலையில் தேவிகுளம், பீர்மேட்டில் தோட்டத் தொழிலாளர்கள் மேல் கெடுபிடி அதிகமானது. தடையை மீறி நேசமணி மூணாறுக்குப் போனார். உடன் அப்துல் ரசாக், சிதம்பரநாதன். மூவரையும் கைது செய்தார்கள். தெற்கே கொதித்தது. ஆகஸ்ட் 11-ம் தேதியை விடுதலை நாளாகக் கொண்டாடுவது என்று முடிவாகி, ஊர் ஊராக ஊர்வலம் கிளம்பியது. மார்த்தாண்டத்திலும் இந்தப் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது.

தூணுக்குப் பக்கத்துக் கடைத் திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். நான் போட்டோ எடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"நீ எங்கேருந்து வாற மக்களே?"

"சென்னைங்க தாத்தா. எங்க பாட்டிக்கு இந்தப் பக்கம்தான்."

"அப்பம் நம்ம பிள்ளைதான். இரி."

உட்கார்ந்தேன்.

"எனக்கு அப்பம் பத்து, பதினோரு வயசு இருக்கும். காலையிலேயே எங்க அம்மை வெளிய போவாதேன்னு சொல்லிட்டா. பெரியவங்க எல்லாம் போனாவ. சத்தம் கேட்டப்பம் நான் வெடின்னு நினைச்சேன், கேட்டியா. பள்ளித் திருநாளுக்குப் போடுவாங்கல்லா, அந்த வெடி. அம்மைதான் தலையில அடிச்சிட்டு அழுதா. பிறகுதான் தெரியும்."

"பிறகு என்ன தாத்தா ஆச்சு?"

"பிறகென்ன. ஆம்பளைங்க ஒருத்தரும் வீட்டுல படுக்கல. ரிசர்வ் போலீஸ் வருவான்னு விளையில போய் படுத்துக் கெடந்தாவ. ராத்திரி கஞ்சி கொண்டு குடுக்கது எங்க வேலை. சின்னப் பயல்னா பிடிக்க மாட்டான்னு எங்களை அனுப்பினாவ."

பாட்டியும் இதையேதான் சொல்லியிருக்கிறார். அவருடைய அண்ணன் மூன்று ராத்திரி மரச்சீனி விளைக்குள் கிடந்தாராம். மழை வேறு. பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. சட்டிக்கு மேல் வாழையிலையைக் கட்டி எடுத்துப்போனதாகச் சொல்வார். சின்ன வயதில் இதை நான் பேய்க் கதை போல கேட்டிருக்கிறேன். ஏன் அவர் ஒளிந்தார் என்று ஒருதடவைகூட கேட்டதில்லை.

இந்தச் சின்ன ஊரில் வெடித்த துப்பாக்கியின் சத்தம் எங்கே கேட்டது தெரியுமா? அலகாபாத் பக்கம் நைனி சிறையில். பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது அங்கே கைதியாக இருந்தார். 'மக்களைச் சுட்ட அரசு நம்முடைய அரசாக இருந்தாலும் ராஜினாமா செய்ய வேண்டும்' என்பது அவர் நிலை. சிறையிலிருந்தே தந்தி கொடுத்தார். சொந்தக் கட்சி கேட்கவில்லை. அவர் பொதுச்செயலாளர் பதவியை விட்டார். அடுத்த வருடமே கட்சி உடைந்து, லோகியா தனிக்கட்சி கண்டார். வட இந்திய சோஷலிஸ்ட் அரசியலின் வரலாற்றை யார் எழுதினாலும் 1954-க்கு வரும்போது திருவிதாங்கூர்-கொச்சி என்ற பெயரைத் தொட்டுத்தான் போக வேண்டும். நமக்குப் புதுக்கடை என்றால் எங்கே என்று மேப்பில் தேட வேண்டியிருக்கிறது.

பட்டம் தாணுபிள்ளையின் அரசு 1955 பிப்ரவரியில் விழுந்தது. அடுத்து வந்த பனம்பள்ளி கோவிந்த மேனன் அரசுக்கு நேசமணி கட்சியின் ஆதரவு இருந்தது. மறுபடியும் அந்த ஒரு டஜன் கை!

ஒன்பது கேட்டு நாலரை

மாநிலங்களைப் பிரிக்க மத்திய அரசு 1953 டிசம்பரில் ஒரு கமிஷன் அமைத்திருந்தது. பசல் அலி, குன்ஸ்ரு, கே.எம்.பணிக்கர் மூவரும் உறுப்பினர்கள். 1955 செப்டம்பர் கடைசியில் அறிக்கை தந்தார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாகாணத்துக்கு. செங்கோட்டையையும் கொடுக்கச் சொன்னார்கள், கடைசியில் அதன் கிழக்குப் பகுதி மட்டும் வந்தது. தேவிகுளம், பீர்மேடு போயிற்று. அங்கே தமிழர்கள் அதிகம் என்றாலும் அவர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், அந்த மலைகள் கேரளத்தின் பொருளாதாரத்துக்கு முக்கியம் என்பது கமிஷன் சொன்ன காரணம். நெய்யாற்றின்கரையும் போயிற்று.

ஒன்பது கேட்டு நாலரை. முல்லைப்பெரியாறு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அன்றைக்குப் பீர்மேடு வந்திருந்தால் என்று ஒரு பெருமூச்சு விடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மூணாறு போய் கைதானவருக்கு அந்த மூணாறு கிடைக்கவில்லை என்பதை யோசித்துப் பார்த்தேன். தன் ஊர் கிடைத்தது. தன்னை நம்பிய தோட்டத் தொழிலாளிக்கு அவர் கேட்டது கிடைக்கவில்லை.

1956 நவம்பர் 1. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. சென்னையில் முதல்வர் காமராஜர்.

கோடு போட்டுவிட்டார்கள். ஆனால் கோடு எல்லாவற்றையும் பிரித்துவிடவில்லை. தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீர்கள். இருப்பது தமிழ்நாட்டில், நிர்வாகம் இன்றுவரை கேரள அரசின் தொல்லியல் துறையிடம். வாசலுக்கு வெளியே ஒரு மாநிலம், உள்ளே ஒரு மாநிலம்! தண்ணீரும் அப்படித்தான். நெய்யாறு இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்காக வெட்டப்பட்டது. அணை அந்தப் பக்கம், வயல் இந்தப் பக்கம். 2004-லிருந்து அந்தக் கால்வாயில் கேரளா தண்ணீர் விடவில்லை. பழைய கால்வாய்க்கரை வயல் எல்லாம் ரப்பரும் வீடுமாக மாறிக்கொண்டிருக்கிறது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார். எல்லை மாறியதில் லாபம் மட்டும்தான் என்று நான் எழுதினால் அவர் என்னை மன்னிக்க மாட்டார்.

எழுத்தும் பிரியவில்லை. தேங்காப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் படித்தது மலையாளத்தில்தான். தமிழில் எழுதி சாகித்ய அகாடமி வாங்கினார். எங்கள் வீட்டில் அந்த அளவுக்கு இல்லை. பாட்டி நான்கு வகுப்பு மலையாளப் பள்ளியில் படித்தவர். இன்றைக்கும் மளிகை லிஸ்ட்டை மலையாள எழுத்தில் எழுதுவார். படித்துப் பார்க்கச் சொன்னால் வருவது தமிழ். கடைக்காரருக்காக அதை நான் மறுபடி எழுத வேண்டும்.

மந்திரி ஆகவில்லை

இணைப்புக்குப் பிறகு கட்சிக்கு வேலை முடிந்தது. கலைத்துவிட்டு காங்கிரஸில் சேர்ந்தார்கள். 1957-ல் நேசமணி கிள்ளியூரிலிருந்து எம்.எல்.ஏ. நாகர்கோவில் எம்.பி ஆனது தாணுலிங்க நாடார். அந்த முறை காமராஜர் மந்திரிசபையில் குமரி மாவட்டத்துக்கு இடம் கிடைத்தது, குளச்சலில் ஜெயித்த லூர்தம்மாள் சைமனுக்கு. உள்ளாட்சியும் மீன்வளமும் அவர் துறை. நேசமணி மந்திரி ஆகவில்லை. 1962-ல் மறுபடி லோக்சபா. 1967-லும்.

அந்த 1967-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தி.மு.க அலை. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். மாநிலம் முழுக்க காங்கிரஸ் லோக்சபாவில் பிடித்த இடங்களை மூன்று விரலில் அடக்கிவிடலாம். அதில் ஒன்று நாகர்கோவில். நேசமணிக்கு வயது 71.

அடுத்த வருடம் இறந்துவிட்டார். அந்தக் காலியிடத்துக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. நின்றவர் காமராஜர்! சொந்த ஊர் கைவிட்ட பெருந்தலைவரை நாகர்கோவில் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கவைத்தது. 1971-லும் அதே தொகுதி. காமராஜர் கடைசிவரை நாகர்கோவில் எம்.பி-யாக இருந்துதான் இறந்தார். குமரி மக்களிடம் இதைப் பற்றிப் பேசினால் குரலில் ஒரு கர்வம் வந்துவிடும். 'எங்களைத் தமிழ்நாட்டோட சேர்த்தவரு அவரு, நாங்க சும்மா விடுவோமா' என்று டீக்கடைக்காரர் சொன்னது காமராஜரைப் பற்றியா, நேசமணியைப் பற்றியா என்று எனக்குச் சட்டென்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மாலையில் நாகர்கோவில் திரும்பி, அவருடைய மணிமண்டபத்துக்குப் போனேன். நவம்பர் 1 வந்தால் சிலைக்கு மாலை விழும். மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை விடுவதும் உண்டு. இதில் ஒரு சின்னச் சங்கடம். 2019-ல் நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாள் என்று அரசு அறிவித்தது. 2021-ல் அதை ஜூலை 18-க்கு மாற்றினார்கள், 'தமிழ்நாடு' என்ற பெயரைச் சட்டசபையில் அண்ணா கொண்டுவந்த நாள் என்று. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. மண்டபத்தருகே நின்ற கல்லூரி மாணவரிடம் உங்களுக்கு எது என்று கேட்டேன். "எங்களுக்கு நவம்பர் ஒண்ணுதான் அக்கா. அன்னைக்குத்தான் லீவு" என்றார். நேர்மையான பதில். அவர் படிப்பது மார்த்தாண்டத்தில், நேசமணி பெயரிலேயே இருக்கிற கல்லூரியில். நேசமணி யார் என்று கேட்டதற்கு வக்கீல், எம்.பி, போராட்டம் என்று சரியாகவே சொன்னார். புதுக்கடைத் தூணைப் பார்த்ததில்லையாம். தினமும் அதைத் தாண்டித்தான் காலேஜ் பஸ் வருகிறது.

நான் எதுவும் சொல்லவில்லை. மூன்று ராத்திரி விளையில் கிடந்தவரின் தங்கை பேத்தி, இருபது வயதுக்கு மேல் முதல்முறையாக அந்தத் தூணைப் பார்த்தது அன்று காலையில்தானே.

சென்னை வந்ததும் பாட்டிக்குப் போட்டோக்களைக் காட்டினேன். தூண் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். தமிழ் எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்க்குள்ளேயே கூட்டிப் படித்தார். அதற்குக் கொஞ்சம் நேரமானது. பிறகு என் பர்ஸில் கிடந்த பஸ் டிக்கெட்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நேசமணி பேரு இல்லியா?"

"அதை அப்பவே எடுத்துட்டாங்க பாட்டி. நான் பொறக்கறதுக்கு முன்னாடி."

"ம்..." என்றவர், டிக்கெட்டை மடித்துத் தன் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"மட்டிப்பழம் வாங்கிட்டு வந்தியா மக்களே?"